மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முகமூடி வகுப்பு: எந்தப் பொருள், எந்த அளவு?

பழையாறு (இழையைத் தொடங்கியவர்)

நாகர்கோவில் பக்கம் ஓவிய வகுப்பு. 4 முதல் 7 வயசு வரை 30 பிள்ளைகள், ஒரு வகுப்புக்கு 1 மணி நேரம். நவராத்திரிக்கு ஒரு முகமூடி, கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு செய்ய வைக்கணும். ரெண்டுமே மழை மாசம் ஆக்கும். காகிதக்கூழ் முகமூடி வெளியே காய்ஞ்ச மாதிரி தெரியுது, உள்பக்கம் 5 நாள் ஆனாலும் ஈரம், அப்புறம் பூஞ்சை வாடை. பேப்பர் தட்டுல போஸ்டர் கலர் அடிச்சா உரிஞ்சு வருது. எலாஸ்டிக் கட்டுற ஓட்டையும் கிழியுது. ஒவ்வொண்ணும் ஏன் அப்படி ஆகுது, என்ன செய்யலாம்னு அனுபவம் உள்ளவங்க விவரமா எழுதுங்க. படத்தை அச்செடுத்துக் கொடுத்து கலர் அடிக்கச் சொல்ற வேலை வேண்டாம்.

கொதும்பு

காகிதக்கூழ் காயாததுக்கு மழை பாதிக் காரணம்தான். பிளாஸ்டிக் சுத்தின அச்சின்மேல ஒட்டும்போது ஒரு பக்கம் மட்டுமே காற்று படும். அதுக்குமேல ஒரே நாள்ல 4 அடுக்கு போட்டா, மேல் அடுக்கு காய்ஞ்சு மூடிக்கிடும், உள்ளே இருக்கிற ஈரத்துக்குப் போக வழி கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமும் பெய்யுற ஊர் நம்மது. வெயிலை நம்பாம செய்ய ஒரு முறை உண்டு.

முதல் நாள் 2 அடுக்கு மட்டும். ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் விடணும். மறுநாள் அச்சிலிருந்து கழற்றி, கவிழ்த்து, கம்பிவலை மேல வைச்சு உள்பக்கத்தைக் காய விடணும். உள்பக்கம் கையில ஒட்டாம, தட்டினா ‘டக்’னு சத்தம் வந்த பிறகுதான் மூணாவது அடுக்கு. பிள்ளைகளோட முகமூடிக்கு 3 அடுக்கு தாராளம்.

பசை: மைதா 100 கிராம், தண்ணி மொத்தம் 600 மி.லி. 150 மி.லி. பச்சைத்தண்ணியில மைதாவைக் கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற 450 மி.லி. தண்ணியில ஊத்திக் கிண்டிக்கிட்டே இருங்க. வெள்ளையா இருக்கிற மாவு கண்ணாடி மாதிரி மங்கலாத் தெளியும். அடுப்பை அணைக்கிற பதம் அதுதான். வெள்ளையா இருக்கும்போதே இறக்கினா மாவு வேகலை, ஒட்டாது. ஒரு குழுவுல 8 பிள்ளைகளுக்கு இது போதும். அன்னைக்கு வைச்ச பசை அன்னைக்கே தீரணும்.

சுவரொட்டிப் பசையில மயில்துத்தம் போடுறதைப் பார்த்து இதுலயும் போடுறவங்க இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம், அது விஷம். பிள்ளைங்க விரலை வாயில வைக்கும். பூஞ்சை வராம இருக்க உப்பு போடச் சொல்றதும் இங்க எடுபடாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இன்னும் காயாது.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழிச்சா 3 செ.மீ. பட்டை நேரா வரும். குறுக்கே கிழிச்சா கோணிப் போகும். நார் ஓடுற திசை அப்படி. பட்டையைப் பசையில ஊற வைக்காதீங்க. முக்கி எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல ஒரு இழு; மிச்சப் பசை கிண்ணத்துக்கே திரும்பணும்.

வேளிமலை மயில்

கொதும்பு அண்ணே சொன்னது 7 வயசுக்கு சரி. 4, 5 வயசுப் பிள்ளைக்கு பல நாள் நீளுற வேலை தாங்காது. அன்னைக்குச் செஞ்சதை அன்னைக்கே முகத்துல வைச்சுக் கண்ணாடி பார்க்கணும் அதுக்கு. அந்த வயசுக்குப் பேப்பர் தட்டுதான்.

பெயின்ட் உரியுற காரணம்: கடையில கிடைக்கிற வெள்ளித் தட்டு, பூப்போட்ட தட்டு எல்லாத்துக்கும் முன்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கு. தண்ணிக் கலர் அதுல உருண்டு ஓடும், காய்ஞ்சதும் செதிலாப் பெயரும். தட்டைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை முகமா வையுங்க. வாங்குறதுக்கு முன்னாடி முதுகுல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. ஒரு நிமிஷத்துல உறிஞ்சினா வாங்கலாம். உறிஞ்சாம நின்னா அந்தக் கட்டு வேண்டாம். முதுகைத் திருப்பினதுல இன்னொரு லாபம், தட்டு வெளிப்பக்கமாப் புடைச்சு நிக்கும், மூக்குக்கு இடம் கிடைக்கும்.

மழை நாள்ல தண்ணிக் கலரே வேண்டாம்னு சொல்லுவேன். ஆயில் பேஸ்டல் போதும், காய வைக்கிற பேச்சே இல்லை.

7 அங்குலத் தட்டுக்கு (18 செ.மீ.) அளவு:

கண் துளைகளின் நடுவுக்கு நடு 5 செ.மீ. பெரியவங்களுக்கு 6 செ.மீ.க்கு மேல வரும், அந்த அளவை வைச்சு வெட்டினா துளை பிள்ளையோட கண்ணுக்கு நேரா வராது. துளை ஒவ்வொண்ணும் 3 செ.மீ. அகலம். சின்னதா, அழகா வெட்டணும்னு நினைக்காதீங்க. சுத்திக் கலர் அடிச்சா பெரிய துளையும் அழகாகும். படி தெரியாம தடுக்கி விழுறதுதான் முகமூடியில வர்ற முதல் ஆபத்து.

கண்ணுக்குக் கீழே நடுவுல 3 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்துக்கு மூணு பக்கம் மட்டும் வெட்டி, மேல்பக்கத்தை விட்டு, மடலைத் தூக்கிவிட்டா மூக்கு. மூக்குக்குக் கீழே தட்டை அரை வட்டமா வெட்டி எடுத்துடுங்க. வாயை மூடுற முகமூடி இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம்.

எலாஸ்டிக்: 5 வயசுத் தலைச்சுற்றளவு ஏறக்குறைய 51 செ.மீ. தட்டு 18 போக 33. பட்டை எலாஸ்டிக் 5 மி.மீ. அகலத்துல 28 செ.மீ. வெட்டினா, முடிச்சுக்குப் போக 24 நிக்கும், இழுத்துப் பிடிக்கும், இறுக்காது. ஓட்டை விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே. குத்துறதுக்கு முன்னாடியே முன்னும் பின்னும் டேப் ஒட்டிட்டு அந்த டேப்போட சேர்த்துக் குத்துங்க. குத்தின பிறகு ஒட்டுற டேப் ஓட்டையைக் காப்பாத்தாது. ஸ்டேப்ளர் அடிக்கணும்னா பின்னோட மடங்கின முனை வெளிப்பக்கம் வரணும், அதுக்குமேல டேப்.

பழையாறு

நன்றி அக்கா. கண் துளை, மூக்கு மடல் எல்லாம் நான் முன்கூட்டியே வெட்டி வைக்கணும், இல்லியா? பிள்ளைங்க என்னதான் வெட்டும்?

வேளிமலை மயில்

கண், மூக்கு, வாய் வளைவு உங்க வேலை. முதல் நாளே முடிச்சிருங்க. பிடரிமயிர், காது, மீசை அதுங்க வேலை. 4 வயசுப் பிள்ளைக்கு ஒரே நறுக்குல முடியுற வெட்டுதான் வரும். அதனால 2 செ.மீ. அகலப் பட்டையைக் கொடுங்க, துண்டு துண்டா நறுக்கட்டும். சிங்கத்துக்கு அதுவே பிடரி. 6 வயசுல வளைவு வெட்டும், ஆனா கத்தரியைத் திருப்பும். தாளைத் திருப்பணும்னு ஒரு தடவை கையைப் பிடிச்சுக் காட்டினா பிடிச்சிக்கிடும்.

இடக்கைப் பிள்ளை இருந்தா இடக்கைக் கத்தரி ஒண்ணு வாங்கி வையுங்க. சாதாரணக் கத்தரியை இடக்கையில பிடிச்சா ரெண்டு அலகும் விலகும், தாள் நடுவுல மடங்கும். பிள்ளைக்குத் தெரியலைன்னு நாம நினைச்சிருவோம். கத்தரிதான் தப்பு.

சிரட்டை

பாக்குமட்டைத் தட்டை யாரும் சொல்லலியே. நம்ம ஊர்ல கமுகுக்குப் பஞ்சமா? கேரளத்துல பத்தனம்திட்ட பக்கம் படையணிங்கிற கோயில் ஆட்டத்துக்குப் போடுற முகமூடிக் கோலங்களே கமுகம்பாளையில எழுதுறதுதான். கரி, சிவப்புக்கல், மஞ்சள் வைச்சுக் கருப்பு, சிவப்பு, மஞ்சள். 6, 7 வயசுக்கு அதைக் காட்டிட்டு ஆரம்பிச்சா எவ்வளவு பெரிய விஷயம்.

தட்டு வாங்கும்போது நார் ஓடுற திசையைப் பாருங்க. நார் மேலிருந்து கீழாக நிக்கிற மாதிரி முகத்துல வைக்கணும். அப்போ எலாஸ்டிக் பக்கவாட்டுல இழுக்கும்போது ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல நார் குறுக்கே நின்னு தாங்கும். படுக்கையா வைச்சா நாருக்கு இடையில நூல் வழுகி, விளிம்பு வரைக்கும் ஒரே கீறலா வந்துரும். இதேபோல கண் துளைக்கு மூலை கூடாது, வட்டமா மட்டும். மூலை இருந்தா அங்கிருந்து நார்வழியா வெடிக்கும்.

காய்ஞ்ச மட்டையில கத்தரி வைச்சா வெடிக்கும். 20 நிமிஷம் தண்ணியில ஊறப் போட்டு, துணியால ஒத்தி எடுத்து, தகடு வெட்டுற கத்தரியால பெரியவங்க வெட்டணும். வெட்டினதும் அப்படியே விட்டா கோணிக்கிடும். ரெண்டு பலகைக்கு நடுவுல வைச்சு, மேல பாரம் ஏத்தி ஒரு ராத்திரி. வெட்டின ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருங்க, கன்னத்துல சிலாம்பு ஏறும்.

கலர் நேரடியா அடிச்சா மட்டை குடிச்சிரும், மங்கிப் போகும். வெள்ளைப் போஸ்டர் கலர் 3 பங்கு, பெவிகால் 1 பங்கு கலந்து ஒரு பூச்சு முதல்ல அடிக்கணும். மஞ்சள்தூள் வைச்சு அடிச்சா அன்னைக்கு அருமையா இருக்கும், வெயில் பட்டா வெளுக்கும். சொல்லிட்டே அடிக்க வையுங்க.

கொதும்பு

மட்டைத் தட்டுல கரும்புள்ளி பார்த்தா எடுக்காதீங்க. அது பூஞ்சை. மூக்குக்குப் பக்கத்துல வைக்கிற பொருள். துடைச்சாப் போயிரும்னு விடக்கூடாது.

முந்திரிக்கொல்லை

காகிதக்கூழுக்கு பலூன் ஏன் யாரும் சொல்லலை? ஊதி, மேல ஒட்டி, பாதியா வெட்டினா ரெண்டு முகமூடி. நல்ல உருண்டை வரும். அலங்காரத்துக்கு கன்னியாகுமரியில விக்கிற கலர் மணல் பாக்கெட் கொள்ளாம்.

கொதும்பு

உருண்டை வரும், உண்மை. ஆனா பலூன் உள்ளே இருக்கிற காற்று ராத்திரிக் குளிர்ல சுருங்கும், கொஞ்சம் கசியவும் செய்யும். ஈரக் காகிதம் அதோட சேர்ந்து சுருங்கி, காலையில கன்னம் குழிவிழுந்து கிடக்கும். காய வைக்க வெயில்ல வைச்சா விரிஞ்சு ஒட்டு பிரியும். அதைவிட முக்கியம், வெடிச்ச பலூன் துண்டு சின்னப் பிள்ளைக தொண்டையில அடைக்கிற பொருள். 15 செ.மீ. பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேல பிளாஸ்டிக் தாள் சுத்தினா அதே உருண்டை கிடைக்கும்.

மணல் எந்த முகமூடிக்கும் வேண்டாம். உதிர்ந்தா நேரா கண்ணுலதான் விழும். கடற்கரையில இருந்து அள்ளிட்டு வர்ற கருமணல் அறவே கூடாது. மணவாளக்குறிச்சிக் கரை மணல்ல இல்மனைட்டோட மோனசைட்டுங்கிற தாதுவும் இருக்கு, அதுல தோரியம்ங்கிற கதிர்வீச்சுப் பொருள். வகுப்பு மேசையில பிள்ளைங்க தூவி விளையாடுற பொருள் இல்லை அது. மினுமினுப்புத் தூளும் வேண்டாம், அதுவும் கண்ணுல விழும். மினுக்கு வேணும்னா ஜிகினா பேப்பரை வெட்டி ஒட்டுங்க.

தோவாளை நார்

நவராத்திரிக்கு என்ன முகம்னு யாரும் பேசலையே. அம்மன் முகம், சாமி முகம் வேண்டாம்னு நினைக்கிறேன். முகமூடி கீழே விழும், மிதிபடும், எச்சில் படும். வீட்டுல மனசு நோகும். எல்லா மதத்துப் பிள்ளையும் இருக்கிற வகுப்பு. வாகனங்களைச் செய்யலாம்: சிங்கம், மயில், மூஷிகம். நம்ம மாவட்டத்துக்குன்னு பார்த்தா யானை. பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல திருவனந்தபுரம் போறதை ரோட்டோரம் நின்னு பார்த்த பிள்ளைங்க நிறைய இருக்கும். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்உதித்த நங்கையும் பல்லக்குல கூடப் போறதையும் சொல்லலாம்.

யானை முகத்துக்குத் தும்பிக்கை: சார்ட் தாள்ல 2 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் ரெண்டு பட்டை. நுனி ரெண்டையும் செங்குத்தா ஒட்டி, ஒண்ணு மாத்தி ஒண்ணா மடிச்சிக்கிட்டே போனா ஸ்பிரிங் மாதிரி வரும். 5 வயசுக்குக் கை வரும். மடிப்பு தளர்ந்தா தும்பிக்கை கோணிப் போகும், ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால அழுத்தணும்.

இனி நெற்றிப்பட்டம், யானை நெற்றியில கட்டுற பொன்னிற அலங்காரம். இதுக்குத்தான் நேரத்தை ஒதுக்குங்க. முகமூடியிலயே பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சிக்கிட்டு செய்யுற வேலை இதுதான். அட்டையில 1.5 செ.மீ. வட்டம் வெட்டி ரெண்டு ரெண்டா ஒட்டினா ஒரு குமிழ். 4, 5 வயசுக்கு 6 குமிழ் (3, 2, 1), பெரிய பிள்ளைக்கு 10 (4, 3, 2, 1). அகலம் மேலே, கூர் கீழே. நெற்றியில ஒட்டிக் காய்ஞ்சதும், மொத்தமா மூடுற அளவு பொன்னிற ஜிகினா தாளை மேல போட்டுப் பசையால ஒட்டணும். இப்போ பெருவிரல் சதையால, நகம் படாம, நடுக்குமிழிலிருந்து வெளிப்பக்கமாத் தடவணும். ஒவ்வொரு வட்டமா மேல எழும்பி வரும். கடைசியா முனை மழுங்கின பென்சிலால ஒவ்வொரு குமிழைச் சுத்தியும் ஒரு கோடு. வெளிச்சத்துல திருப்பினா நிஜப் பட்டம் போல மின்னும்.

தாளைப் பார்த்து வாங்கணும். பிளாஸ்டிக் ஜிகினா திரும்ப எழும்பிரும், பதியாது. கசக்கினா கசங்கின மாதிரியே நிக்கிற உலோகத்தாள்தான் வேணும். சாக்லேட் சுத்தின தாளும் ஆகும். குமிழுக்குள்ள கடலை, பட்டாணி வைக்கிற ஐடியா வேண்டாம். மூக்குல போட்டுக்கிடும்.

சிரட்டை

அக்கா, இது ரொம்ப அருமை. தும்பிக்கை கனத்துல தட்டு முன்னால சாயாதா?

தோவாளை நார்

சாயும். தும்பிக்கையை மூக்கு மடலுக்கு மேல, கண்ணுக்கு நடுவுல ஒட்டுங்க. கீழ ஒட்டினாத்தான் இழுக்கும். எலாஸ்டிக் ஓட்டையும் கண் மட்டத்துக்கு 1 செ.மீ. மேல இருக்கட்டும்.

முந்திரிக்கொல்லை

முகத்துல எதையும் வைக்கவே விடாத பிள்ளைகளுக்கு? வகுப்புக்கு ரெண்டு மூணு பேர் இருக்கத்தானே செய்வாங்க.

வேளிமலை மயில்

கட்டாயப்படுத்தாதீங்க. நெற்றிக்கு மேல நிக்கிற கிரீட முகமூடி செய்யுங்க, முகம் முழுக்கத் திறந்திருக்கும். முழு சார்ட் தாள் 56-க்கு 71 செ.மீ. 5 செ.மீ. அகலத்துல வெட்டினா 56 செ.மீ. நீளப் பட்டை 14 வரும். தலையைச் சுத்தி, ஒட்டுறதுக்கும் 4, 5 செ.மீ. மிச்சம் இருக்கும். 30 பேருக்கு 3 தாள் வாங்கணும், 2 தாள்ல 28தான். பட்டை நடுவுல மிருக முகம். சார்ட்டைத் தலையில வைச்சு அளந்த பிறகே ஒட்டணும். எல்லாருக்கும் ஒரே அளவுல ஒட்டி வைச்சா பாதிப் பேருக்குக் கண்ணுக்கு இறங்கிடும்.

தோவாளை நார்

அந்தப் பட்டையிலேயே மாணிக்க மாலை பண்ணலாம். தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும். செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை சேர்ந்து பட்டையா வர்ற மாலை. தாள்ல செய்ய: 3 செ.மீ. சதுரத்தைக் குறுக்கே மடிச்சா முக்கோணம். சிவப்பு, வெள்ளை மாத்தி மாத்தி, 1.5 செ.மீ. இடைவெளியில ஓடு வேயுற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஒட்டணும். நெற்றிக்கு 15 முக்கோணம் போதும். ரெண்டு ஓரத்துலயும் பச்சைத்தாளைப் பல்லுப்பல்லா நறுக்கி அடியில விட்டா நொச்சி. 6 வயசுக்குக் கீழே மடிச்ச முக்கோணத்தை நீங்களே கொடுங்க, மாத்தி மாத்தி அடுக்குறது அவங்க வேலை.

பழையாறு

கிறிஸ்துமஸுக்கு? தாடி வைச்ச தாத்தாதான் எல்லாரும் கேட்பாங்க. பஞ்சு ஒட்டினா உதிருது.

கொதும்பு

பஞ்சு உதிர்ந்து மூக்குலயும் வாயிலயும் போகும். கயிற்று நார் அரிக்கும். தாள் சுருள்தான் நல்லது. ஏ4 தாள் ஒண்ணுல 1.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துல 38 பட்டை வரும். தாடிக்கு 30 போதும், ஆளுக்கு ஒரு தாள்னு கணக்கு வைங்க. பென்சில்ல இறுக்கிச் சுத்தி, 5 எண்ணிட்டு உருவினா சுருள் நிக்கும்.

தட்டைப் பாதியா வெட்டி, நேர்விளிம்பின் நடுவுல வாய்க்கு 7 செ.மீ. அகலப் பிறை எடுத்துருங்க. ஒட்டுறது கீழ் வரிசையிலிருந்து மேல: 9, 8, 7, 6. மேலிருந்து ஆரம்பிச்சா ஒட்டின இடமெல்லாம் வெளியே தெரியும். சுருளோட தலையில மட்டும் பசை. முழுக்கத் தடவினா சுருள் நனைஞ்சு நேராகிடும். காதுல மாட்ட ரெண்டு பக்கமும் 15 செ.மீ. எலாஸ்டிக் வளையம். தலைக்கு, மேல சொன்ன கிரீடப் பட்டையே சிவப்புல.

சிரட்டை

நட்சத்திரத்தையும் சேர்த்துக்கோங்க, டிசம்பர்ல நம்ம ஊர்ல அது தொங்காத தெரு உண்டா. புது வாரியல்ல இருந்து காய்ஞ்ச ஈர்க்கில், 30 செ.மீ. நீளத்துல 5. பச்சை ஈர்க்கில் காயும்போது மெலிஞ்சு கட்டு தளரும். அட்டையில 15.8 செ.மீ. ஆரத்துல வட்டம் போட்டு, 18.6 செ.மீ. இடைவெளியில 5 புள்ளி வைச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணைச் சேர்த்துக் கோடு போட்டுக் கொடுத்திருங்க. அதுமேல ஈர்க்கிலை வைச்சுக் கட்டினா கோணாது. ஈர்க்கில் ஒரு நுனி தடிப்பு, ஒரு நுனி மெலிசு. ஒவ்வொரு முனையிலயும் ஒரு தடிப்பும் ஒரு மெலிசும் சேரணும், இல்லாட்டி ஒரு பக்கம் தொங்கும். கட்டினதும் முனைக்கு டேப் சுத்துங்க, கண்ணுல குத்தும்.

மெல்லிய வர்ணத்தாள் ஒட்டும்போது பசையை ஈர்க்கில்மேல தடவுங்க. தாள்மேல தடவினா சாயம் இளகிக் கையெல்லாம் ஆகும். ரெண்டு நட்சத்திரம் செஞ்சு 5 முனையையும் சேர்த்துக் கட்டி, உள்ளே ஈர்க்கில் குறுக்கே வெட்டிக்கிற 5 இடத்துலயும் 6 செ.மீ. குச்சி நிறுத்தினா உப்பின நட்சத்திரம். இதெல்லாம் 7 வயசுக்கு, அதுவும் ரெண்டு பேருக்கு ஒண்ணு. சின்னதுங்க தாள் மட்டும் ஒட்டட்டும். உள்ளே விளக்கு வைக்கணும்னா பேட்டரியில எரியுற சின்ன எல்இடி மட்டும்.

பழையாறு

எல்லாத்தையும் குறிச்சிக்கிட்டேன். யானையும் தாடியும் எடுக்கிறேன், மட்டைத் தட்டு பெரிய பிள்ளைகளுக்கு. கடைசியா ஒண்ணு: செஞ்சு முடிச்சதை விழா வரைக்கும் 10 நாள் வைக்கணும். எப்படி?

வேளிமலை மயில்

பிளாஸ்டிக் பையில போட்டு மூடாதீங்க, உள்ளேயே வேர்க்கும். பேஸ்டல் அடிச்சதை ஒண்ணுமேல ஒண்ணு வைச்சா கலர் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஏறிரும். அறைக்குள்ள கொடி கட்டி, துணி கிளிப் போட்டு எலாஸ்டிக்ல தொங்கவிடாம தட்டு விளிம்புல தொங்கவிடுங்க. எலாஸ்டிக்ல தொங்கினா விழா அன்னைக்கு நீண்டு போயிருக்கும். சுவரை ஒட்டிக் கட்டாதீங்க, மழைக்காலத்துல சுவர் ஈரம் இழுக்கும். ஒரு கை தள்ளிக் கட்டுங்க. பின்னால பிள்ளை பேரும், தலை அளவும் பென்சில்ல எழுதிடுங்க. ஸ்கெட்ச் பேனா மை வேர்வையில நெற்றிக்கு ஏறும்.